அரை மில்லிமீட்டர்

டமால்!

காலை பதினொரு மணி. கட்டடமே குலுங்கியது. லேத் நின்றது. பதினெட்டு மேஜைகளிலும் வேலை நின்றது.

அடுத்து ஒரு அலறல்...

பன்னிரண்டாம் மேஜைக்காரன் தரையில் கிடந்தான். நெற்றியெல்லாம் ரத்தம். அசைவில்லை. பக்கத்தில் ஒரு எஃகுப் பெட்டி நீராவியைக் கக்கிக்கொண்டிருந்தது. அதன் மூடி கூரையில் செருகி நின்றது.

சொந்தமாகப் பொருள் தயாரிக்கக் கிளம்பியவர்கள் இடத்தையும் மெஷின்களையும் பங்கு போட்டுக்கொள்ளும் பட்டறை அது. எதிரிலேயே போலீஸ் ஸ்டேஷன். ஆம்புலன்ஸுக்கு முன்னால் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

பட்டறை மேனேஜரின் விரல் பதினோராம் மேஜைப் பெண் இன்ஜினியரை நோக்கி நீண்டது.

"நேத்து இவங்கதான் சார் அவரைத் திருடன்னு கத்தினாங்க. எல்லாரும் சாட்சி."

"கத்தினேன். இன்னிக்கும் கத்துவேன்." அவள் இன்ஸ்பெக்டர் முன்னால் வந்து நின்றாள். "சின்ன ஆஸ்பத்திரிகள்ல கத்தி, கத்தரிக்கோலை நீராவியில சுத்தம் பண்ற பெட்டி சார். வேலையை விட்டுட்டு மூணு வருஷம் உயிரைக் கொடுத்து வரைஞ்சேன். நேத்து பாத்தா அவன் மேஜையில உக்காந்திருக்கு."

"அதான் மூடியில கை வெச்சீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அது அவரோட டிசைன் சார்," என்றார் மேனேஜர். "என் கண்ணு முன்னாடிதான் ஒவ்வொரு கோடா வரைஞ்சாரு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உழைப்பும் போய், பேரும் போய், இப்போது கையில் விலங்கு வேறா?

"பெட்டியில மூடியைப் பூட்டற ஊசியைக் கழட்டிக் கொடுங்க சார்."

வெர்னியர் அளவுகோலில் வைத்து அளந்தாள். மறுபடி அளந்தாள்.

"ஒன்பதரை மில்லிமீட்டர். பத்து இருக்கணும். அதான் பிடி விட்டுடுச்சு."

"யார் குறைச்சது?"

"நான்தான்."

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார்.

"இருங்க. இங்க மூணாம் நம்பர் மெஷின் கிழடு. எதை வெட்டினாலும் அரை மில்லி மிச்சம் வெச்சிடும். பத்து வேணும்னா படத்துல ஒன்பதரைன்னு போடணும். அந்த மெஷினைக் கட்டிக்கிட்டு அழறது நான் ஒருத்திதான். இவன் எதுல வெட்டினான்?"

"புதுசுல..." என்றது கூட்டத்தில் ஒரு குரல். "ஒண்ணாம் நம்பர்."

"அது துளி பிசகாது. என் படத்துல இருந்த ஒன்பதரையை அப்படியே வெட்டிடுச்சு. புது மெஷினுக்குன்னு சொந்தமா வரைஞ்சவன் எதுக்கு சார் அரை மில்லி குறைக்கணும்?"

இன்ஸ்பெக்டர் மெல்ல மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"ஒவ்வொரு கோடா... உங்க கண்ணு முன்னாடி?"

தரையில் முனகல். செத்தவன் என்று நினைத்தவன் கண்ணைத் திறந்தான்.

"மேனேஜர்தான்... கொடுத்தாரு. தானே வரைஞ்சதுன்னு சொன்னாரு... என் கம்பெனியில பாதிப் பங்கு கேட்டாரு..."

"படம் இருந்த என் அலமாரிக்கு ரெண்டு சாவி," என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு இந்த ஆள் கொத்துல."

விலங்கு மேனேஜர் கைக்கு மாறியது.

"சார்... லாக்கப்பெல்லாம் எனக்குப் பழக்கமில்ல சார்."

"என்ன இப்படிச் சொல்றீங்க?" என்றாள் அவள். "அதுவும் பத்துப் பேர் பங்கு போட்டுக்கற இடம்தான். என்ன... அங்க சாவி உங்ககிட்ட இருக்காது."