கூரைமேல் குறைந்த மின்சாரம்

மின்சார மீட்டர்களைச் சோதிக்கும் வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவளை ஊரே மீட்டரம்மா என்றுதான் கூப்பிடும். அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நகராட்சித் தலைவி பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ஆபீஸ் கூரையில சூரிய மின்தகடு போட்டோமே, தினம் எண்பது யூனிட் வந்துச்சு. பாராட்டு விழா நடந்த வாரத்துலேர்ந்து அறுபதைத் தாண்டல. வெள்ளிக்கிழமை மாநிலக் குழு வருது. நம்ம ஊர் சரியா இருந்தாத்தான் மத்த பத்து ஊருக்கும் இந்தத் திட்டம்."

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமே இல்லம்மா. கூரைச் சாவி வச்சிருந்த வயர்மேன்தான். கூட்டத்துல மைக்கைப் பிடிச்சே திருடன்னு சொல்லி வேலையை விட்டு நிறுத்திட்டேன். ஆனா அவன் போயும் குறைஞ்சபடிதான் இருக்கு. எந்த வழியா இழுக்கிறான்னு நீங்கதான் சொல்லணும்."

"அவர் என்ன சொன்னாரு?" மீட்டரம்மா மரியாதையைக் குறைக்கவில்லை.

"மேலே வந்து பாருங்க மேடம்னு மூணு தடவை கூப்பிட்டான். எனக்கு எங்க நேரம்?"

மீட்டரம்மாவின் கணவர், ஓய்வு பெற்ற தபால்காரர், அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். "பூமிக்கு அடியில கம்பி போட்டிருப்பான். நான் அப்பவே நினைச்சேன்."

"எப்ப நினைச்சீங்க? இப்பத்தானே கேட்டீங்க."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மூவரும் கூரையில் இருந்தார்கள். தலைவி அங்கே ஏறியது அதுதான் முதல் தடவை. தபால்காரர் குழாய் குழாயாகக் குனிந்து திருட்டுக் கம்பியைத் தேடினார். வேர்த்துக் கொட்டியதும் கிழக்கு ஓரத்தில் போய் நின்றுகொண்டார். "ஏம்மா, இங்க வா. நல்ல நிழலா இருக்கு."

மீட்டரம்மா இரண்டு நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒன்று இந்தக் கூரையில் மணிக்கு மணி எத்தனை யூனிட் வந்தது என்ற குறிப்பு, மற்றது அடுத்த தெருப் பள்ளிக்கூடத்துக் கூரையினுடையது. புரட்டி முடித்து மெல்லக் கேட்டாள்.

"தலைவியம்மா, உங்க திருடன் காலையில மட்டும் திருடறான். பதினொரு மணிக்கு மேல பள்ளிக்கூடமும் நாமும் ஒரே அளவு. நடுவுல ரெண்டு நாள் மேகம் மூடியிருந்துச்சு. அன்னிக்குக் காலையிலயும் பெரிய வித்தியாசம் இல்ல. மேகத்துக்குப் பயப்படற திருடன் உண்டா?"

தலைவிக்குப் புரியவில்லை.

"வெயில் அடிச்சா வர்றது, மேகம் வந்தா போறது, உச்சி நேரத்துல சுருங்கறது. அது நிழல். என் வீட்டுக்காரர் இப்ப அதுலதான் நிக்கிறாரு. வரிசையில ஒரு தகடு மேல நிழல் விழுந்தாலும் வரிசையே சோர்ந்து போகும்."

தலைவி நிமிர்ந்து பார்த்தாள். கிழக்குக் கைப்பிடிச் சுவர்மேல், பாராட்டு விழாவுக்கு எழுப்பிய பன்னிரண்டடிப் பலகை, தெருவைப் பார்த்து நின்றது. இங்கிருந்து தெரிந்தது அதன் முதுகு மட்டும்தான். முன்பக்கம் என்ன இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சூரிய நகரம் என்ற எழுத்து. அதைவிடப் பெரிதாக, கைகூப்பிச் சிரிக்கும் அவள் முகம்.

"அவன்... வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

"உங்க படத்தை இறக்குங்கன்னு உங்ககிட்டயே எப்படிம்மா சொல்லுவாரு? அதான் வந்து பாருங்கன்னாரு."

தபால்காரர் சத்தமில்லாமல் நிழலைவிட்டு நகர்ந்தார். தலைவிக்கு முகம் பற்றி எரிந்தது. பலகையை உடனே இறக்கச் சொல்லிவிட்டு, காரைக்கூடக் கூப்பிடாமல் நடந்தாள்.

வயர்மேன் வீட்டு வாசலில் உட்கார்ந்து யாருடைய மிக்ஸியையோ பிரித்துப் போட்டிருந்தான். நடந்ததை அவள் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"திருடன்னு மைக்குல சொன்னீங்க. இல்லன்னு சொல்ல மட்டும் வீட்டுக்கு வர்றீங்களே மேடம்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளைச் சுட்டது. உள்ளே அவன் மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டது தெரிந்தது.

"வெள்ளிக்கிழமை மாநிலக் குழு முன்னாடி மைக் இருக்கும்," என்றாள் தலைவி. "நான் சொல்றேன். நீங்க வந்து கேக்கணும்."

அவளையறியாமல் வந்துவிட்ட அந்த 'நீங்க' அவனுக்கும் கேட்டிருக்கும். திருகு ஒன்றை எடுத்து இறுக்கத் தொடங்கினான். உட்காரச் சொல்லாத அந்த வாசலில், பதிலுக்காக அவள் நின்றுகொண்டிருந்தாள்.