வெறுங்கையில் ஒட்டிய வாசம்

நாற்பது பொறிகளையும் பார்த்தாகிவிட்டது. ஒன்றில்கூட வண்டு இல்லை. மரம் துளைக்கும் வண்டுகள் பறக்கும் மாதத்தில் அடிக்குப்பியைத் திருகினால் கைநிறையக் கொட்ட வேண்டும்; வனக்காவலருக்கு அன்று கொட்டியது வெறும் மழைத்தண்ணீர்தான். ரேஞ்சரை அலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார்.

"புது வாசப்பை மாட்டும்போது கையுறை போட்டீங்கல்ல?"

"போட்டேன் சார்."

பச்சைப் பொய். கையுறை கிழிந்திருந்தது, ஒரு நாள்தானே என்று முந்தாநாள் வெறுங்கையாலேயே மாட்டினார். மற்ற வண்டுகளை இழுக்கப் பெண்வண்டின் வாசம் அடைத்த பை ஒன்று கையிலேயே உடைந்தது. மனித மூக்குக்கு அது தெரியவே தெரியாது. சாயங்காலம் வீட்டுக்குப் போய், சளி பிடித்திருந்த மகளுக்கு அதே கையால் நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டார். மறுநாள்தான் யாரோ சொல்லி மண்ணெண்ணெய் விட்டுக் கையைக் கழுவினார். மகளை யார் கழுவினார்கள்?

அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே, இலைகளுக்கு நடுவே, காலையிலிருந்து மழைமூட்டம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த கறுப்பு, தாழ்ந்த ஒரே ரீங்காரத்தோடு, காய்ந்த மரத்தூளின் நெடியை இறைத்தபடி, அவர் வீடு இருக்கும் குடியிருப்பின் திசையில் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது. காவலர் ஓடினார்; சுற்றிப் போகும் காட்டுப்பாதையில் வீட்டை எட்ட ஒரு மணி நேரமானது.

வீடு அமைதியாக இருந்தது. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் கொசுவலையில் பென்சில் நுழையும் அளவுக்கு வட்ட வட்டமாக ஓட்டைகள்.

"வண்டு வந்துச்சா?"

"அதை ஏன் கேக்குறீங்க, கூட்டம் கூட்டமா! அடுப்படியில ஒளிஞ்சுக்கிட்டேன். இப்பப் பார்த்தா ஒண்ணையும் காணோம். போயிருச்சு போல."

"பாப்பா எங்கே?"

"ரூம் கதவைச் சாத்திட்டுத்தான் போனேன், தூங்குறா. இருமல்கூட நின்னுடுச்சு, பாவம், இப்பதான் நிம்மதியா..."

வண்டுகள் போகாது. தேடி வந்த மரம் கிடைத்துவிட்டால் பட்டைக்குள் போய்விடும். வெளியே ஒன்றும் தெரியாது. அதற்கு வைத்தியமும் கிடையாது. பக்கத்து மரத்துக்குப் பரவுவதற்குள் வெட்டி எரிக்க வேண்டும் என்பது துறையின் விதி. இருபது வருடங்களில் அவரே எத்தனையோ மரங்களுக்குக் குறி போட்டிருக்கிறார்.

கட்டிலருகே மண்டியிட்டார். மரத்தில் காது வைத்துக் கேட்பதுபோல மகளின் நெஞ்சில் காதை வைத்தார்.

முதலில் மூச்சு.

பிறகு, கரக்.

கரக். கரக்.

"என்னங்க பண்றீங்க? எழுப்பிடாதீங்க."

மகளின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். ஒன்று. இரண்டு. மூன்று.

மகள் கண் விழித்தாள்.

"அப்பா, உள்ள கூசுது," என்று சிரித்தாள்.

அவள் நெஞ்சின் தோலுக்கடியில் ஒரு சின்ன மேடு கழுத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னால், வரிசையாக, இன்னும் பல.