இல்லாத ஐந்து கிராம்

"உங்களிடம் 5.1 கிராம் இருக்கிறது. திருப்பி வைக்கவும்," என்றது விளைச்சல்கணி.

இசக்கியம்மாள் தராசைப் பார்த்தாள். 3.1 கிராம். வெளிர்மஞ்சள் படிகம். எத்தனாலில் இரண்டு முறை கரைத்துப் படியவிட்டுச் சுத்தம் செய்தது.

"என்கிட்ட ஒண்ணுமில்ல."

"இந்த வினையில் 82 சதவீதம் விளையும். 8.2 கிராம் வந்திருக்க வேண்டும்."

ஆய்வகக் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. பெண் காவலர் வந்து அவளுடைய கோட்டு, பை, செருப்பு எல்லாவற்றையும் உதறினார். கடைசியில் பின்னலையும் அவிழ்த்துத் தேடினார். முதுகலை இறுதியாண்டின் இருபத்தோரு பேரும் வேடிக்கை பார்த்தார்கள்.

ஒரு மூலையில் நைட்ரஜன் அணு உட்கார்ந்திருக்கும் மூலக்கூறு வளையத்தைக் கட்டுவதுதான் அன்றைய செய்முறை. இப்படிப்பட்ட வளையங்களில் இருந்துதான் பாதி மருந்துகள் தொடங்குகின்றன. வெளியே நல்ல விலை. முன்பு யாரோ ஒருவன் ஆய்வகத்திலிருந்து கடத்தி விற்றதால் பல்கலைக்கழகம் கணியைக் கொண்டுவந்தது. அறுபது ஆண்டு ஆய்வேடுகளையும் மாணவர் பதிவேடுகளையும் அதற்கு ஊட்டினார்கள். எந்த வினையில் எவ்வளவு கிடைக்கும் என்று அது சொல்லும். அதற்குக் குறைந்தால் திருட்டு. திருட்டு உறுதியானால் பட்டம் கிடையாது.

ஒன்றும் சிக்காமல் வெளியே விட்டபின், மரத்தடியில் வகுப்புத்தோழி ஜெர்லின் இரண்டடி தள்ளியே நின்றாள்.

"ஏட்டி, உண்மையச் சொல்லு. எடுத்தியா?"

"நீயும் கேக்கியா? ஒன் குடுவையும் கறுப்பாத்தான இருந்துது? தொட்டியில கழுவும்போது பாத்தேன். எல்லார் குடுவையும் தாரு. பின்ன ஒனக்கு மட்டும் எப்படி 81 வந்துது?"

ஜெர்லின் சுற்றிலும் பார்த்துக்கொண்டாள்.

"எடை ஏறட்டும்னு சோடியம் சல்பேட்ட மாவா அரைச்சு கலந்தேன். எல்லாரும் அதான் செய்யுதாங்க. சீனியர் அக்கா யாரும் ஒனக்குச் சொல்லலியா?"

"எனக்கு எந்த அக்கா இருக்கா? எங்க தெருவுலயே காலேஜ் வாசல மிதிச்சது நான் ஒருத்திதான். நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லி, நீ போட்டுக் குடுத்துட்டன்னா?"

இரண்டு வருடம் ஒரே மேசையில் வேலை செய்தவள். இசக்கி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் விசாரணை. குழுவில் மூன்று பேராசிரியர்கள்; அவர்களில் வசுமதி தலைவர். புகார் கொடுத்தவர் துறைத்தலைவர் கோதண்டராமன். அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"அப்பா என்ன செய்றார்மா?" என்றார் வசுமதி.

"பந்தல் போடுறார்."

வசுமதி அதைக் குறித்துக்கொண்டார்.

"அத எதுக்கு மேடம் எழுதுறீங்க?"

"வீட்டுல கஷ்டம் இருக்குமேன்னுதான்."

"கஷ்டப்படுறவங்க திருடுவாங்கன்னு எந்தப் பாடத்துல மேடம் இருக்கு?"

இசக்கி கழுவாமல் வைத்திருந்த குடுவையை மேசைமேல் வைத்தாள். அடியில் கறுப்பாக ஒட்டிக் காய்ந்திருந்தது.

"நீங்க தேடுறது இதுதான். வளையம் மூடும்போது முக்காவாசி இப்படி ஆயிருது."

"தார் என்னும் பொருள் என் பதிவுகளில் இல்லை," என்றது கணி.

அது பொய் சொல்லவில்லை. அறுபது ஆண்டுகளாகத் தாரைச் சுரண்டிக் கழுவியவர்கள் உண்டு, எழுதியவர்கள் இல்லை.

"82 எங்கருந்து வந்துது? ஆதாரம் கேக்க எனக்கு உரிமை இருக்கு."

"முதல் ஆதாரம்: 2031ஆம் ஆண்டு ஆய்வேடு, பக்கம் 114. ஆய்வாளர் கோதண்டராமன். பின்னர் வந்த 412 மாணவர் பதிவேடுகள் அதை உறுதி செய்கின்றன."

அறையில் எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"என் கை வேற," என்றார் கோதண்டராமன். "நீ சூடு வைக்கத் தெரியாம கருக்கிட்ட."

"அப்ப நீங்க ஒரு தடவ செஞ்சு காட்டுங்க சார்."

"என்ன பேச்சு இது? மரியாத வேண்டாம்?"

குற்றம் சாட்டப்பட்டவர் மறுசெய்கை கேட்கலாம் என்று விதியில் இருந்தது. கோதண்டராமனும் ஒப்புக்கொண்டார். இருபத்தேழு வருடம் 82 என்று சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பியிருக்க வேண்டும்.

அடுத்த நாள் காலை ஆய்வகத்தில், குழுவின் முன்னால் அவர் குடுவையை அடுப்பில் ஏற்றினார். முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு. அமிலம் சொட்டச் சொட்டக் கறுத்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வடிகட்டி, படியவிட்டு, உலர்த்தித் தராசில் வைத்தார். இசக்கி ஓரடிகூட நகராமல் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

2.9 கிராம்.

"உங்களிடம் 5.3 கிராம் இருக்கிறது. திருப்பி வைக்கவும்."

கதவு பூட்டிக்கொண்டது.

கோதண்டராமன் தாரைப் பார்த்தார். ஒரு வரி போதும்: அன்றும் இவ்வளவுதான் வந்தது. ஆனால் அந்த வரியைச் சொன்னால் பக்கம் 114 போகும். அதோடு முனைவர் பட்டம், அதைக் காட்டி வாங்கிய பதவி, கட்டுரைகள், விருதுகள் எல்லாம் போகும். திருடிய பேராசிரியருக்குக் கட்டாய ஓய்வு மட்டும்தான்.

"நான்தான் எடுத்தேன்," என்றார்.

"சார்!" இசக்கி கத்திவிட்டாள். "நீங்க எடுக்கல சார்! நான் கண்ணால பாத்துக்கிட்டே இருந்தேன்! வாயத் தொறந்து உண்மையச் சொல்லுங்க!"

அவர் அவளைப் பார்க்கவே இல்லை.

"ஒப்புதல் பதிவாயிற்று," என்றது கணி. "82 சதவீதம் மீண்டும் உறுதியாயிற்று."

வசுமதி பெருமூச்சு விட்டார். ஒரு தாளை இசக்கியின் பக்கம் தள்ளினார். "பேராசிரியரே ஒத்துக்கிட்டார் பாரு. நீயும் கையெழுத்துப் போட்டிரும்மா. பட்டம்தானே போகுது, போலீஸுக்கா போறோம்?"

இசக்கி தாளைத் தொடவில்லை. அலமாரியைத் திறந்து மூன்று புதுக் குடுவைகளை எடுத்துவந்து, குழுவில் ஆளுக்கு ஒன்றாக முன்னால் வைத்தாள்.

"ஒங்க மூணு பேரு ஆய்வேடும் இதுக்குள்ளதான இருக்கு? ஆளுக்கு ஒரு வினை, ஒங்களுக்குப் பிடிச்சதையே செய்யுங்க. எழுதுன அளவு வந்துட்டா நான் கையெழுத்துப் போடுதேன். யாரு மொதல்ல, மேடம்?"

மேசைமேல் இருந்த ஆறு கைகளும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி மறைந்தன.

விளைச்சல்கணி சிவப்பு விளக்கை அவர்கள் பக்கம் திருப்பியது.

"குழுவினர் கைகளை வெளியே காட்டவும்."