நூல் கட்டாத அம்பு

கதிரவன் மேற்கே படைவீட்டுக் கூடாரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தான். கோடை முற்றிய காலமாதலால் காரியாறு மெலிந்து, இரு கிளையாகப் பிரிந்து, நடுவே வெண்மணல் திட்டு ஒன்றைத் தழுவிக்கொண்டு ஓசையின்றி ஓடியது. நாணற் புதர்களில் நாரைகள் கால் மாற்றி நின்றன. கிழக்கே, வெண்குன்றத்தின் உச்சியில் நின்ற கோட்டை மதிலுக்கு அப்பால், வானம் பால் தெளித்தாற்போல் வெளிறி, முழுநிலவு எழப்போவதை முன்னறிவித்தது. காண்பதற்கு எத்தனை இனிய மாலை! ஆயினும் கோட்டைக்குள் அடைபட்டிருந்த இரண்டாயிரம் பேரில், அந்த நிலவு எழவே கூடாதென்று வேண்டிக்கொள்ளாதவர் ஒருவருமில்லை.

அன்பார்ந்த வாசகர்களே, மேல்கரையில் படை, கீழ்க்கரையில் கோட்டை, நடுவில் மணல்திட்டு என்ற இம்மூன்றையும் நெஞ்சில் நிறுத்திக்கொள்ளுங்கள். இனி, நிலவுக்கு அவர்கள் அஞ்சிய காரணத்தை முறைப்படி சொல்லிவிடுகிறேன்.

எட்டு நாட்களுக்கு முன், அந்தி மயங்கும் வேளையில், பேரரசின் தண்டநாயகர் மருதநாடுடையாரின் தம்பி சமாதான ஓலையோடு காட்டுவழியே வந்தான். ஆற்றங்கரை நாணலுக்குள் குனிந்து அவன் நீர் அள்ளுகையில், வெண்குன்றத்து அம்பு ஒன்று முதுகில் பாய்ந்து அவன் உயிரைக் குடித்தது. செய்தி கேட்ட தண்டநாயகர் ஐயாயிரம் வீரரோடு வந்து மேல்கரையில் இறங்கினார். அவர் அனுப்பிய ஓலையில் இரண்டே செய்திகள் இருந்தன. பழி வேட்டுவரில் ஒருவருடையதானால் அது வேட்டையில் நேர்ந்த பிழை. அந்த ஓர் உயிரை, முழுநிலவு கோட்டைக் கொடிமரத்தின் உச்சியைத் தொடுமுன் மணல்திட்டுக்கு அனுப்பினால் படை திரும்பும். எய்தவன் கோட்டைத் தலைவனேயானால் அது தூதனைக் கொன்ற வஞ்சகம். வெண்குன்றத்தில் ஒரு சுவரும் நிற்காது, ஓர் உயிரும் மிஞ்சாது.

எய்தவன் கோட்டைத் தலைவன்தான். வேள் இளவெழினி என்பது அவன் பெயர், வயது இருபத்துநான்கு. இதை அறிந்தவர் இருவரே. ஒருவன் அவன், மற்றொருத்தி கொற்றி என்னும் வேட்டுவப் பெண்.

கொற்றி அந்தக் காட்டின் நூல்காரி. வெண்குன்றத்து வேட்டுவர் மந்தையைக் கண்டதும் வில்லெடுப்பதில்லை. எந்த மான் விழலாம் என்று தேர்ந்து சொல்ல அவர்களுக்குள் ஒருத்தி இருப்பாள். மானைத் தேர்ந்தபின் அவள் தன் இடையிலுள்ள நூற்கண்டிலிருந்து ஒரு முழம் செந்நூல் அறுத்து, அம்பின் கழுத்தில் கட்டி, அரக்கு வைத்துத் தருவாள். அந்த அம்பு மட்டுமே நாணேறும். அதனால் தவறு நேர்ந்தால் பழி நூல்காரியைச் சேரும், எய்தவனைச் சேராது.

இளவெழினி முதன்முதலாக அவளோடு காடேறிய நாளில், கிளைத்த கொம்புகளோடு மந்தைக்கு முன்னே நின்ற கலைமானை நோக்கி நாணை இழுத்தான். அம்புமுனைக்கு நேரே கொற்றியின் உள்ளங்கை வந்து நின்றது.

"கையை எடு, பெண்ணே! நான் யாரென்று தெரியுமா?"

"தெரியாம என்ன? குறி தப்பாத வேளுன்னு ஊரே மெச்சுது. ஆனா அந்தக் கொம்பன் விழுந்தா மந்தை தண்ணிக்குப் போற தடம் தெரியாம சிதறிப்போகும். அது வேணாம்."

"அப்படியானால் அந்தப் பிணைமான்?"

"வயித்தைப் பாருங்க. ஒரு அம்புக்கு ரெண்டு உசுரா?"

"இதோ, இந்தப் பக்கம் நிற்பது?"

"அதோட குட்டி புதருக்குள்ள படுத்திருக்கு. ஆத்தா வர்ற வரைக்கும் அசையாது. வரலேன்னா அசையாமலே செத்துப்போகும்."

"நன்று! உங்கள் காட்டில் மான்கள்தாம் அரசாள்கின்றனவோ? பின் எதைத்தான் எய்வது?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு, ஓடைக்கு அப்பால் தனியே மேய்ந்த ஒரு கிழட்டுக் கலைமானைக் காட்டினாள். "அதை. அது திரும்பி வரலேன்னா தலை தூக்கிப் பார்க்க ஒரு மானும் இல்லே."

சொல்லிவிட்டு நூலைக் கட்டுகையில் அவள் கண்கள் நிறைந்திருந்தன. மூன்றாண்டுகளாகச் செய்துவரும் வேலைக்கு ஒவ்வொரு முறையும் கலங்கிய அந்தக் கண்களைத்தான் இளவெழினி காதலித்தான்.

காதலித்தவன் அதை ஊரறியச் சொன்னானா? அங்கேதான் இந்தக் கதையின் முதற்பிழை நேர்ந்தது. வேட்டுவர் விழாவில், மணக்க விரும்பும் ஆடவன் ஊர் நடுவே பெண்ணிடம் செந்நூலைக் கேட்டு வாங்கி, அவள் மணிக்கட்டில் கட்டவேண்டும், துடி ஒருமுறை முழங்கும், அவ்வளவே திருமணம். ஏழு மாதங்களுக்கு முன் நடந்த விழாவில் கொற்றி நூலை நீட்டிக்கொண்டு நின்றாள். இளவெழினி அமைச்சரின் முகத்தைப் பார்த்தான். பேரரசின் உறவுக் குடும்பம் ஒன்றில் அவனுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த விழாவுக்கு ஆகட்டும்" என்றான், மெல்லிய குரலில்.

"ஆகட்டும், ஆகட்டும்!" என்றான் துடியடிக்கும் கோவன். "அதுக்குள்ள நூலு நரைச்சுப் போகாம பத்திரமா வெச்சுக்க, தங்கச்சி!"

கூட்டம் சிரித்தது. கொற்றியும் சிரித்துவிட்டு நூலை இடையில் செருகிக்கொண்டாள்.

எட்டு நாட்களுக்கு முன் அந்தியில், காட்டிலிருந்து இருவரும் திரும்புகையில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "நான் உங்களுக்கு யாரு?" விடை சொல்ல அவனுக்கு நா எழவில்லை. தன்மேல் மூண்ட சினத்தை எங்கே காட்டுவதென்று தெரியாதவன்போல், நாணலுக்குள் அசைந்த பழுப்பு நிறத்தை நோக்கி, நூல் கட்டாத அம்பு ஒன்றைத் தொடுத்தான். மானின் கால்களை எண்ண முடியாத மங்கலில் எய்யலாகாது என்பதும் அந்தக் காட்டின் விதி. "வேணாம்!" என்று அவள் கூவுமுன் அம்பு போய்விட்டது.

நிலவின் விளிம்பு மதிலுக்கு மேல் தெரிந்தபோது, கோட்டையின் நீர்வாயிலில் கொற்றி அவனுக்காகக் காத்து நின்றாள்.

"நான்தான் நூல் கட்டினேன்னு உங்க அமைச்சர்கிட்ட சொல்லிட்டேன். படகு தயாரா இருக்கு" என்றாள்.

"இல்லை! மணல்திட்டுக்கு நான் போகிறேன். உண்மையைச் சொல்கிறேன்."

"சொன்னா உள்ள இருக்கிற அத்தனை பேரும் உங்களோட போவாங்க. முன்னால நிக்கிற கொம்பன் நீங்க, வேளே. நீங்க விழக்கூடாது."

"அதற்காக நீயா?"

"எல்லாரையும் நெனைச்சுப் பார்த்துட்டேன். கோவனுக்கு நாலு பிள்ளைங்க. அவன் தம்பி பெண்டாட்டி மாசமா இருக்கா. வில்லெடுக்கிற எவனை எடுத்துக்கிட்டாலும் ஒரு குடிசையில யாராவது தலை தூக்கிப் பார்ப்பாங்க. எனக்கு அப்பன் இல்லே, ஆத்தா இல்லே. கட்டினவனும் இல்லே."

"நான் இருக்கிறேன், கொற்றி! நான் பார்ப்பேன்!"

அவள் நெடுநேரம் அவன் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையில் சினம் இல்லை. இருந்திருந்தால் அவன் தாங்கிக்கொண்டிருப்பான்.

"அதை ஊர் நடுவுல சொல்லியிருக்கணும்" என்றாள். பிறகு, கையில் எடுத்த வேலையைச் சரிபார்ப்பவள்போல், "அந்த அம்பு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"உடலோடு சிதையில் எரித்துவிட்டார்களாம். ஒற்றன் சொன்னான்."

"அப்போ சரி. எல்லாம் முடியிற வரைக்கும் வாயைத் திறக்கமாட்டேன்னு என் கையில அடிச்சுச் சொல்லுங்க."

அவன் அடித்துச் சொன்னான்.

மணல்திட்டில் தண்டநாயகர் மருதநாடுடையார் வில்லோடு நின்றார். நெடிய உருவம், எட்டு நாள் மழிக்காத தாடி. கோட்டைப் படகிலிருந்து கொற்றியும் இளவெழினியும் அமைச்சரும், துடியோடு கோவனும், ஊரார் சிலரும் இறங்கக் கண்டதும் அவர் புருவம் சுருங்கியது.

"என்ன இது, வெண்குன்ற வேளே? என் தம்பியின் உயிருக்கு ஈடாக ஒரு பெண்ணையா அழைத்து வந்தீர்?"

"அவரைக் கேட்காதீங்க, ஐயா" என்றாள் கொற்றி. "எங்க வழக்கத்துல நூல் கட்டினவளுக்குத்தான் பழி. கட்டினவ நான்."

தண்டநாயகர் முதிய அமைச்சரைப் பார்த்தார். "வழக்கம் அதுவேதான்" என்றார் அமைச்சர். கோவனும் குனிந்த தலையோடு ஆமோதித்தான்.

"என் தம்பியை மானென்றா நினைத்தாய்?"

"இருட்டு ஏமாத்திடுச்சு. உங்க தம்பிக்கு வீட்டுல யாரு இருக்காங்க, ஐயா?"

தண்டநாயகரின் குரல் இறங்கியது. "மூன்று வயது மகன். குதிரைக் குளம்பொலி கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுகிறான்."

கொற்றி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதுவரை தனக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் விடாதவள். "அப்போ அது விழுந்திருக்கவே கூடாது, ஐயா. விழுந்திருக்கவே கூடாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பின்பு கண்களைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். பின்னால எது தெரிய வந்தாலும் என் உசுரோட இது முடிஞ்சுதுன்னு வாளைத் தொட்டுச் சொல்லுங்க" என்றாள்.

அவர் வாளைத் தொட்டு ஆணையிட்டார்.

இளவெழினியின் உதடுகள் பிரிந்தன. கொற்றி திரும்பி அவனைப் பார்த்தாள். உதடுகள் மூடிக்கொண்டன.

நாண் ஒருமுறை ஒலித்தது. நாரைகள் எல்லாம் ஒன்றாக எழுந்து, நிலவைக் கடந்து பறந்தன.

வாசகர்களே, இத்துடன் முடிந்திருந்தால் கொற்றியின் எண்ணம் நிறைவேறியிருக்கும். ஆனால் தேர்ந்து தேர்ந்து பழகிய அவளும் ஒன்றை மறந்திருந்தாள். நூல்காரி இறந்தால், அவள் கடைசியாகக் கட்டிய நூலை அம்பிலிருந்து அவிழ்த்து அவள் கையில் வைத்துத்தான் அடக்கம் செய்வார்கள்.

கோவன் துடியைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினான். "ஐயா, அந்த அம்பை எரிச்சுட்டீங்களாம். சாம்பல்ல அரக்குப் பிசிறு ஏதாவது மிஞ்சியிருந்தா எங்க தங்கச்சி கையில வெச்சு அனுப்பணும்."

"எரிக்கவில்லை" என்றார் தண்டநாயகர். "தம்பி மகன் வளர்ந்தபின் கேட்பான் என்று வைத்திருக்கிறேன்." அம்பறாத்தூணியிலிருந்து ஓர் அம்பை உருவி நீட்டினார்.

கோவன் அதை நிலவொளியில் பிடித்துப் பார்த்தான். அம்பின் கழுத்தை விரலால் தடவினான். மறுபடியும் தடவினான்.

"நூல் இல்லே. அரக்குப் பட்ட தடமும் இல்லே. இது அவ கொடுத்த அம்பே இல்லே, ஐயா!" அவன் கொற்றியின் உடல் பக்கம் திரும்பினான். "அடிப்பாவி, உன் தலையில ஏன் போட்டுக்கிட்டே?"

"பின் எய்தவர் யார்?" என்று தண்டநாயகர் முழங்கினார்.

"நான்" என்றான் இளவெழினி.

தண்டநாயகரின் கை வாளுக்குப் பாய்ந்தது. பாதி உருவிய வாள் அங்கேயே நின்றது. மணலில் கிடந்தவளைப் பார்த்தார். சற்றுமுன் அவளுக்குக் கொடுத்த ஆணை அவர் விரல்களைக் கட்டிப்போட்டது.

"என்னிடம் ஆணையை வாங்கிக்கொண்டல்லவா போயிருக்கிறாள்! நானும் விழக்கூடாததை வீழ்த்திவிட்டேன்" என்றார். வில்லின் நாணை அவிழ்த்தார். "நீர் ஏன் முன்பே வாய் திறக்கவில்லை?"

"இரண்டாயிரம் உயிர்..." என்று தொடங்கினான் இளவெழினி. ஆனால் ஏழு மாதங்களுக்கு முன் ஊர் நடுவே அவள் நூலை நீட்டி நின்றபோது, எந்த உயிருக்கும் எந்த ஆபத்தும் இருக்கவில்லை.

அவன் மணலில் மண்டியிட்டான். கொற்றியின் இடையிலிருந்த நூற்கண்டிலிருந்து ஒரு முழம் செந்நூல் அறுத்து, அவள் மணிக்கட்டில் மூன்று முடிச்சிட்டான். பிறகு தன் வில்லை முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்து ஆற்றில் எறிந்தான்.

"ஊராரே, அமைச்சரே, தண்டநாயகரே, கேளுங்கள்! கொற்றி என் மனைவி. இவளுக்கு ஆளில்லை என்று இனி ஒருவரும் சொல்லலாகாது. இந்தக் கை இனி நாணேற்றாது; வேறொருத்தியின் மணிக்கட்டில் நூல் கட்டாது. உயிர் உள்ளளவும், ஒவ்வோர் அந்தியிலும் இந்தத் திட்டுக்கு வந்து, தலை தூக்கி இவள் வழி பார்ப்பேன். இது ஆணை!"

கோவன் தன் துடியை எடுத்தான். கையை ஓங்கினான், கை இறங்க மறுத்தது. கண்களை இறுக மூடிக்கொண்டு ஒருமுறை அடித்தான்.

அப்போதுதான் நிலவு கொடிமரத்தின் உச்சியைத் தொட்டது.