மாற்று விரல்

மூச்சு நின்றது சுடலைக்கண்ணுவுக்கு. எண் குறைந்ததோ பொன்செல்வியின் விரலில்.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மணிக்கட்டுப் பெட்டியில் தொண்ணூற்றெட்டு என்று நின்ற எண் தொண்ணூற்றாறாகி, தொண்ணூற்று மூன்றுக்கு இறங்கிக் கொஞ்ச நேரம் அங்கேயே தயங்கியது. பக்கத்தில் மல்லாந்து கிடந்த கணவன் ஒருமுறை உறுமி மூச்சை இழுத்தான். எண் பழையபடி ஏறிக்கொண்டது. அவன் மூச்சு நிற்கும்போதெல்லாம் பயத்தில் தானும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்தக் கருவி அவன் விரலில் இருக்க வேண்டியது. குளச்சலிலிருந்து இரவில் மீன் லோடு ஏற்றி, விடியுமுன் திருவனந்தபுரம் சந்தையில் இறக்கும் வண்டி அவனுடையது. உறக்கமெல்லாம் பகலில்தான். போன மாதம் பாலராமபுரத்தில் ஸ்டியரிங்கிலேயே கண்ணயர்ந்து நடுச்சுவரில் உரசிவிட்டான். நாய் குறுக்கே வந்தது என்று சொன்னதை முதலாளி நம்பவில்லை. உறக்கத்தைச் சோதித்து ரிப்போர்ட் கொண்டுவா, நன்றாக இருந்தால் வண்டிச் சாவி, இல்லையென்றால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்.

கிளினிக்கிலிருந்து ரெஷ்மா என்ற பெண் கருவியைக் திருவனந்தபுரம் கரமனையில் இருந்த அவர்கள் வீட்டுக்கே கொண்டுவந்தாள். கடிகாரம் போலக் கையில் கட்டும் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் விரலுக்கு ஒரு ரப்பர் உறை. "ராத்திரிதான் வேணும்னு இல்ல சேச்சி. அண்ணன் பகல்ல அல்லே உறங்குறது? அது மதி, போதும். மூணு உறக்கம் எடுக்கணும். இடையில ஊரண்டா, கழட்டக் கூடாது," என்றாள். மூச்சு அடைத்து உடம்புக்குப் பிராணவாயு கிடைக்காமல் போனால் எண் தொண்ணூறுக்குக் கீழே விழும், எத்தனை தடவை விழுந்தது என்று பெட்டி எழுதிவைத்துக்கொள்ளும் என்றாள். மூன்றாம் நாள் நாலு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் யோசனை சொன்னவள் பொன்செல்விதான். தன் விரலில் மாட்டிக்கொள்வதாகச் சொன்னாள்.

அவன் தொடையைத் தட்டிச் சிரித்தான். "சரிட்டி. நீ மூச்சு விடு, நான் வண்டி ஓட்டுதேன்."

ரப்பர் உறையின் உட்புறம் பிசுபிசுவென்று இருந்தது. முன்பு அதை மாட்டியவர்களின் விரல் வியர்வையெல்லாம் அதற்குள் ஊறி, கழுவாத சோற்றுப் பாத்திரத்தின் வாடை அடித்தது. டெட்டால் போட்டுத் துடைத்தும் போகவில்லை. விரலை உள்ளே விட்டபோது ஏதோ பல்லில்லாத வாய் அதைக் கவ்வியது போலிருந்தது. கையை உதறிவிட்டு மறுபடியும் விட்டாள்.

வெளிச்சம் வராமலிருக்க ஜன்னலில் பழைய பேப்பர் ஒட்டியிருந்தார்கள். அதன் வழியே மஞ்சளாக இறங்கிய வெயிலில், பஸ்களின் இரைச்சல் சுவரில் அதிரும் அந்த ஒற்றை அறையில், மத்திக் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் தின்று வாய்கூடக் கொப்பளிக்காமல் படுத்தவனின் வாயை அவள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துத் தப்பித்த வாய். உதடுகள் எச்சில் நூலோடு பிரிந்தன. மாவு பூத்த நாக்கு, பிடியில்லாத இறைச்சித் துண்டாக மெல்லப் பின்னால் சரிந்து தொண்டையில் உட்கார்ந்தது. சத்தம் நின்றது. வயிறு மட்டும் வெறுமனே ஏறி இறங்கியது. பிறகு அந்த உறுமல், கூடவே ஐஸ் உருகி நாளான மீன்தண்ணீர் நாற்றம்.

இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. அவள் விரதம். காலையிலிருந்து பாலில்லாத கட்டன் சாயாவைத் தவிர எதுவும் தொடவில்லை.

இன்று ஏமாறக்கூடாது என்று, அவன் மூச்சு நின்ற உடனே அவள் தன் மூச்சை ஆழமாக இழுத்தாள். விலா விரிந்தது. மூக்கில் காற்று ஏறுவது தெரிந்தது. எண் தொண்ணூற்றொன்று. மறுபடி இழுத்தாள். எண்பத்தேழு. காற்று உள்ளே வந்தது, தங்கவில்லை. ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பது போல. எண்பத்திரண்டு. காதுக்குள் இரைச்சல். அப்போதுதான் அவன் உறுமினான். அவள் வாய் நிறைய மத்தி ருசித்தது.

பின்கட்டுக்கு ஓடி நாலு தடவை கொப்பளித்தாள். உப்பு வைத்துத் தேய்த்தாள். கடைவாயில் ஏதோ உறுத்தியது. நகத்தால் நெம்பி எடுத்துப் பார்த்தாள்.

மீன்முள்.

நாலு மணிக்கு எழுந்த சுடலைக்கண்ணுவின் முகம் எண்ணெய் தேய்த்துக் குளித்ததுபோல மினுங்கியது. இப்படி உறங்கி எத்தனையோ வருஷமாச்சு என்று நெட்டி முறித்தான். கண்ணாடியில் அவள் உதடு நாவல்பழம் தின்றதுபோலக் கிடந்தது.

"நாளைக்கு நீங்களே மாட்டிக்கிடுங்க," என்றாள்.

"ஒரு நாளுதானேட்டி. சாவி கைக்கு வரட்டும்."

சாவி போனால் இந்த ஊரில் அவனுக்கு வேறு வேலை தெரியாது. இந்த எண்களோடு ரிப்போர்ட் போனாலும் சாவி போய்விடும். கடைசி உறக்கமாவது நன்றாகப் பதிய வேண்டும். மூன்றாம் நாள் அவளே விரலை உள்ளே விட்டாள்.

அன்று ரப்பர் வெதுவெதுப்பாக இருந்தது.

நாலு மணி ஆகப் போகும்போது குறட்டை நின்றது. அவள் எண்ணினாள். பத்து. இருபது. எண்பது என்றது பெட்டி. முப்பது. எழுபத்து மூன்று. அவள் அவன் தோளை உலுக்கினாள். தோள் சூடாக, கனமாக ஆடி அடங்கியது. கூப்பிட வாயைத் திறந்தாள். குரலுக்குக் காற்று இல்லை.

மணிக்கட்டுப் பெட்டியை அவிழ்த்து, உறையைப் பிடுங்கினாள். நுனிவிரல் நீலமாக, தண்ணீரில் ஊறியதுபோலச் சுருங்கியிருந்தது. தடித்த அவன் விரலை இழுத்து அதற்குள் திணித்தாள். இப்போதாவது உண்மை தெரியட்டும். எண் விழட்டும். ரிப்போர்ட் நாசமாகட்டும். சாவி போகட்டும்.

பெட்டி கொஞ்சம் யோசித்தது.

தொண்ணூற்றொன்பது.

அவன் மார்பு அசையவில்லை. மூக்கடியில் கை வைத்தாள். காற்றில்லை. கன்னம் சிவந்து, குழந்தை முகம்போல நிறைந்திருந்தது.

தொண்ணூற்றொன்பது.

கதவுக்கு ஊர்ந்தாள். பாதியில் மல்லாந்து விழுந்தாள். வாய் தானாகப் பிளந்தது. அவள் வாய்க்குள் அவள் நாக்கு இல்லை. தடியாக, மாவு பூத்து, மத்தி வாடையோடு வேறொன்று கிடந்தது. அது பின்னால் சரிந்தது. தொண்டையில் உட்கார்ந்தது.

வெளியே செருப்புச் சத்தம். ரெஷ்மாவின் குரல். பக்கத்து வீட்டுப் பிரிஸில்லா பதில் சொன்னாள்.

பொன்செல்வி தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் திரட்டிக் கத்தினாள். அவள் தொண்டையிலிருந்து சுவர் அதிர வந்தது அவன் குறட்டை.

கதவுக்கு அந்தப் பக்கம் ரெஷ்மா பிரிஸில்லாவிடம் சொல்லிச் சிரித்தாள். "அண்ணன் நல்ல உறக்கமாணு. எழுப்பண்டா சேச்சி, நான் இருக்காம்."

காத்திருக்க அவள் நாற்காலியை இழுத்துப் போடும் ஓசை கேட்டது.

கட்டிலில் அவன் கண் மூடித்தான் இருந்தது. உதடுகள் மட்டும் குவிந்து, இளநீரின் அடியில் கிடக்கும் கடைசி மடக்கை உறிஞ்சுவதுபோல, மெல்ல, சத்தமில்லாமல், அசைந்துகொண்டே இருந்தன.