நாற்பத்திரண்டு பக்கக் குறட்டை

வீட்டில் எல்லோரும் குண்டூசி என்று கூப்பிடும் சின்னவள் தட்டச்சு செய்தது ஒரே ஒரு வரிதான்: "இதை எழுதியவர் குறட்டை விடுவார்."

அக்காவின் கல்லூரி அறிக்கை, பெயர் 'நத்தைகளின் நடமாட்டம்', மடிக்கணினியில் திறந்தபடி இருந்தது. ஐந்து மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். "அரை மணி நேரம் படுக்கிறேன். இதைத் தொட்டே, தொலைஞ்சே!" என்று சொல்லிவிட்டுப் போன அக்கா, பக்கத்து அறையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தாள். அதாவது, மூக்கால்.

பக்கத்தின் மேல் ஓரத்தில், தலைப்பும் பக்க எண்ணும் இருந்த வரியில், குண்டூசி இரண்டு தட்டுத் தட்டினாள். இடம் கிடைத்தது. எழுதினாள். சிரித்தாள். அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

அங்கேயும் குறட்டை!

மூன்றாம் பக்கத்திலும் குறட்டை. நாற்பத்திரண்டாம் பக்கம்வரை ஒரு பக்கம் விடாமல் குறட்டை. மேல் ஓரத்தில் ஒருமுறை எழுதினால் எல்லாப் பக்கத்திலும் வந்துவிடுமாம்! அழிக்கலாம் என்று அதன்மேல் ஒரு தட்டுத் தட்டினாள். எழுத்து மங்கலாக நின்று அவளை முறைத்ததே தவிர, அசையவில்லை.

சமையலறைக்கு ஓடினாள். அப்பா தொட்டிக்குக் கீழே தலையை விட்டுக் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"அப்பா, பக்கத்துக்கு மேல இருக்கிறதை எப்படிப்பா அழிக்கிறது?"

"மேல இருக்கிறது எல்லாம் என் தலையிலதான் கொட்டுது. அந்தத் துணியை எடும்மா."

துணியை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். 'உள்ளே எப்படிப் போனேன்? ரெண்டு தட்டு!' தட்டினாள். கதவு திறந்தது. இருந்ததை எல்லாம் ஒட்டுமொத்தமாக அழித்தாள். சேமித்தாள். மூடினாள். தன் சாமர்த்தியத்தை இன்னொரு முறை ரசிக்கலாமே என்று திறந்தாள்.

குறட்டை போயிருந்தது. அதோடு அறிக்கையின் தலைப்பும் பக்க எண்களும் போயிருந்தன.

பக்கத்து அறையில் லாரி ஒரு கணம் நின்றது. குண்டூசிக்கு மூச்சும் நின்றது. நல்லவேளை, லாரி மறுபடி கிளம்பியது.

தலைப்பை ஒருமுறை அடித்தாள். நாற்பத்திரண்டு பக்கத்திலும் அதுவே வந்து உட்கார்ந்தது. 'இப்ப மட்டும் நல்ல பிள்ளை!' பக்க எண்ணையும் தேடிப் பிடித்துச் சேர்த்தாள். ஆனால் முதல் இயல் இரண்டாம் பக்கம் என்றது பொருளடக்கம். அந்தப் பக்கத்தின் மேல் இருந்த எண்ணோ மூன்று என்றது. அட்டைப் பக்கமும் வரிசையில் நின்று எண் வாங்கியிருந்தது!

'அட்டைக்குப் பூஜ்யம் கொடுத்தா?' எண்ணைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கவைத்தாள். எல்லாம் சரியானது. 'முதல் பக்கம் மட்டும் வேறு' என்ற கட்டத்தையும் தட்டினாள். அட்டையில் இருந்த பூஜ்யமும் மறைந்தது.

அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். குண்டூசி பேசாமல் இருந்தால் அவளுக்குத் தெரியவே போவதில்லை. ஆனால் ஐந்து மணிக்கு நத்தைகளோடு போய் நிற்கப்போவது அக்காவாயிற்றே!

"அக்கா... ஒருதடவை எல்லாப் பக்கத்தையும் பாத்துடு. நான் தொட்டுட்டேன்." நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

அக்கா ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்தாள்.

"கோவமாக்கா?"

"நகரு, வெளிச்சம் மறைக்குது."

"கோவமா, இல்லையா?"

"சார்ஜர் எங்க?"

"அக்கா! ஒழுங்கா சொல்லேன்!"

அக்கா மடிக்கணினியைப் பைக்குள் வைத்தாள்.

"கோவம்தான்டி. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் இருக்கும்."

மணி மூன்றரை. இரண்டரை மணி நேரம்தானே! குண்டூசி நிம்மதியாகக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.