நிறைகோலை நிறுப்பவன்

காலை எட்டு மணிக்குச் சட்டைக் காலரில், நான் செய்வதையெல்லாம் பதியும் பதிவியைக் குத்திக்கொண்டு வழக்கமான உறுதிமொழியைச் சொன்னேன்: "இன்று யாருக்கும் எந்த உதவியும் செய்யமாட்டேன்." முதல் வருடம் இதைச் சொல்லும்போது சிரிப்பு வந்தது. இருபது வருடத்தில் பல் தேய்ப்பதுபோல் ஆகிவிட்டது.

நாட்டில் யார் தர்மம் செய்தாலும் அது நிறைகோல் வழியாகத்தான் போகும். எந்தத் தொண்டு அதிகத் துயரைத் தீர்க்கிறது என்று அந்த இயந்திரம் நிறுத்துச் சொல்லும். தேறாத அமைப்புகளை மூடிவிடுவார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மலைக்காய்ச்சலை ஒழித்தது அதுதான், என் மகள் பிழைத்ததும் அதனால்தான். அந்த நிறைகோலையே நிறுப்பது என் வேலை. மூடப்பட்ட அமைப்புகளை நம்பியிருந்தவர்களைத் தேடிப்போய், துயர் உண்மையிலேயே தீர்ந்ததா என்று கேட்பேன். இடையில் ஒருவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொடுத்தாலும் அளவு கெட்டுவிடும், அறிக்கை செல்லாது.

அன்று குமரிக் கடற்கரையில் ஓர் ஊர். நிறைகோலின் திரையில் அது பச்சையாக இருந்தது. துயர் தீர்ந்த இடம் என்று பொருள். அங்கே மூடப்பட்டது 'கூப்பிடு படகு'. கடலில் காணாமல்போனவர்களை அரசு தேடி ஓய்ந்த பிறகு, இந்தப் படகு அவர்கள் கடைசியாக இருந்த இடத்துக்குப் போய் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடும். பதினான்கு வருடத்தில் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை.

அந்தப் படகை நம்பியிருந்தவர்களில் ஒருவரான மெர்சலின், வலைக்கூடத்து வாசலில் நின்றே பேசினார். கணவர் கிளீட்டஸ் கடலுக்குப் போய் மூன்று வருடம். அவர் முறை வருவதற்குள் படகை நிறுத்திவிட்டார்கள்.

"அதுக்கப்புறம் நீங்க யாருமே மனு போடலையே?" என்றேன்.

"யாருக்குப் போட, சாரே? படகுக்காரங்களுக்குத்தான் போடுவோம். அவியதான் இல்லல்லா."

எனக்குச் சுருக்கென்றது. மனு வராததைத்தான் நிறைகோல் துயர் தீர்ந்ததாக எடுத்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கரையில் இவரையும் சேர்த்துப் பதினேழு பெண்கள் அந்தப் படகுக்காகக் காத்திருந்தார்கள். இதை எழுதிக் கையெழுத்திட்டால் படகு திரும்ப வரும். நான் கண்டுபிடித்த முதல் பிழை என்ற சந்தோஷத்தில் அவரிடமே சொல்லிவிட்டேன்.

"அடுத்த வருஷம் படகு வந்துரும்மா."

"அடுத்த வருசமா," என்று கடலைப் பார்த்தார். "அவரு செத்துட்டாருன்னு தெரியும், சாரே. எனக்குக் கிறுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நான் சங்கடப்படுவேன்னு அவரு பேர யாரும் சொல்ல மாட்டுக்காவ. மூணு வருசமா அந்தப் பேரு காதுல விழல்ல. நீங்க ஒருக்கா கூப்பிடுவியளா?"

"நீங்களே கூப்பிடலாமே."

"நான் அவரப் பேரு சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்ல. நான் சத்தம் குடுத்தா சோறு திங்க கூப்பிடுகேன்னு நினைப்பாரு. வேற ஆளும் தேடுதுன்னு அவருக்குத் தெரியணும்."

பதிவியைத் தொட்டுப் பார்த்தேன். மற்றப் பதினாறு பெண்களின் படகும் அதற்குள்தான் இருந்தது. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

அலை கால் நனைக்கும் இடம்வரை போய், "கிளீட்டஸ்" என்று கூப்பிட்டேன். காலரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அறிக்கை செல்லாது, நிறைகோலுக்கு இந்த வருடமும் முழு மதிப்பெண். ஒருத்திக்காகப் பதினாறு பேரைக் கைவிட்டிருந்தேன். நிறைகோல் ஒருநாளும் இப்படிச் செய்திருக்காது.

எனக்குப் பின்னால் நின்ற மெர்சலின் அழவில்லை.

"இன்னும் கொஞ்சம் சத்தமா, சாரே," என்றார். "காத்து எதுத்து அடிக்கு."